மிச்ச ரெண்டு ‘வருவேன்’ யாரு போட்டது?

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். எதிரணில ஒக்காந்து ஏற்கனவே ஜெயிச்சுட்ட மாதிரி தண்ணி குடிச்சுக்கிட்டிருக்குற மூணு பேருக்கும் வணக்கம். முன்னால பாய் விரிச்சு ஒக்காந்திருக்குற ஆத்தாமாருக்கும் லாத்தாமாருக்கும், பின்னால கரைல ஏத்திப் போட்ட வள்ளத்து மேல ஒக்காந்துக்கிட்டு பேச்சு நல்லா இல்லன்னா அப்படியே எறங்கி வீட்டுக்குப் போயிரலாம்னு பாத்துக்கிட்டிருக்குற தம்பிமாருக்கும் வணக்கம். மைக்கு கொஞ்சம் கூவுது, அந்தக் குழாய் ஸ்பீக்கர இந்தப் பக்கம் பாக்காம திருப்பி வைங்கப்பா. மைக்கும் குழாயும் ஒன்ன ஒன்னு பாத்துச்சுன்னா கூவத்தான் செய்யும். மைக்செட்டுக்காரர் வீட்டுப் புள்ள நான், எனக்குத் தெரியும்.

நெஞ்சுல ஒரு பாட்டு நிக்கிறதுக்குப் பெரிய காரணம் பாட்டோட அருமையா, இல்ல அதக் கேட்ட பொழுதோட நெனப்பா, இதுதான் இன்னைக்கித் தலைப்பு. நான் நெனப்புங்குற அணி. எதிரணித் தலைவி பேராசிரியர் அம்மா அழகாப் பேசுனாக, மெட்டு, வரி, குரல், ராகம்னு அடுக்குனாக, கடைசில ஒரு வார்த்தை சொன்னாக பாருங்க, ‘நல்ல பாட்டு தானா நிக்கும், ஒங்க நெனப்பெல்லாம் அதுல ஒட்டுன தூசி’ன்னு. தூசியாம்! அவுகளுக்கு அடுத்து வந்த தம்பி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டு வாங்கிட்டுப் போனாரு, ‘1960கள்ல வந்த பாட்ட 20 வயசுப் பொண்ணு பாடுதே, அந்தப் பொண்ணுக்கு என்னங்க நெனப்பு இருக்க முடியும், பாட்டு நல்லா இருக்கு, அதான் பாடுது’ன்னாரு. நல்ல கேள்வி. ஒத்துக்குறேன், என்னைய கொஞ்சம் அசைச்சிருச்சு. அதுக்குக் கடைசில வர்றேன், மறந்துட்டேன்னா நடுவர் அய்யா ஞாபகப்படுத்துங்க.

முதல்லயே ஒன்னு சொல்லிர்றேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பாட்டு பேரு கூட சொல்ல மாட்டேன். ஏன்னா சொன்னேன்னு வைங்க, அந்தப் பாட்டு ஒங்க காதுல ஓட ஆரம்பிச்சிரும், அந்த அக்காவுக்கு அவுக சடங்கு நெனப்பு வரும், இந்த அண்ணனுக்கு அரபு நாட்டு ரூமு நெனப்பு வரும், அந்தா அங்கிட்டு ஒருத்தர் காலேஜ் பஸ்ஸுக்கே போயிருவாரு, எங் கதைய ஒருத்தரும் கேக்க மாட்டீங்க. பேரச் சொன்னாலே ஆளாளுக்கு ஒரு ஊருக்குப் போறீங்கல்ல, அதுலயே பாதித் தீர்ப்பு வந்துருச்சு அய்யா, எழுதி வச்சுக்கங்க.

இன்னொன்னு, மனசப் பத்திப் படிச்சவுக சொல்றது. மனுசனுக்கு வயசான பெறகு கேட்டீங்கன்னா சுமாரா 10 வயசுலேர்ந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் ரொம்பத் தெளிவா ஞாபகம் இருக்குமாம், பாட்டும் அப்ப கேட்டதுதான் ஆழமா நிக்குமாம். நடுவர் அய்யா, ஒங்களுக்கு ரொம்பப் புடிச்ச அஞ்சு பாட்டச் சொல்லுங்க, நான் ஒங்க வயசச் சொல்றேன். வேணாமா? சரி வேணாம். அருமைதான் காரணம்னா எல்லாருக்கும் ஒரே காலத்துப் பாட்டுல்ல புடிக்கணும்? எங்கப்பாவுக்கு டி.எம்.எஸ்., எனக்கு எஸ்.பி.பி., எம் மகனுக்கு யாருன்னே எனக்குத் தெரியல, என்னமோ வாய்க்குள்ளயே பாடுறாரு. மூணு பேரும் அவனவன் காலத்துலதான் நல்ல பாட்டு வந்துச்சுன்னு சத்தியம் பண்றோம்.

சரி, கதைக்கு வர்றேன். எங்க பெரியப்பா இங்க தேவிபட்டினத்துல மைக்செட்டு வச்சிருந்தாரு. வயசானவுகளுக்கு அவுகள ஞாபகம் இருக்கும். ஒரு ஆம்ப்ளிபையர், நாலு குழாய், ஒரு தட்டு போடுற பெட்டி, பெறகு ஒரு டபுள் டெக்கு. தொண்டிலேர்ந்து சாயல்குடி வரைக்கும் கடலோரமா ஒரு ஊர் விடாம சைக்கிள்ல குழாயக் கட்டிக்கிட்டுப் போயிருக்காரு. அவுக போயி ரொம்ப வருஷம் கழிச்சு, பெரியம்மா என்னையக் கூப்பிட்டு ரெண்டு தகரப் பெட்டியக் குடுத்தாக, உப்புக்காத்துல துருப்புடிச்சு கீலெல்லாம் போயிருந்துச்சு. ஒன்னுல இசைத்தட்டு, 312. இன்னொன்னுல கேசட்டு, 190 சொச்சம், பாதில பூஞ்சை. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், இத வச்சு நான் என்ன பண்ணன்னுதான் நெனச்சேன். ஒரு மழை நாளு, கடைல ஆளில்ல, சும்மா ஒன்ன எடுத்துப் பாத்தேன்.

ஒவ்வொரு தட்டோட உறை மேலயும் பென்சில்ல எழுதி வச்சிருக்காரு. பாட்டப் பத்தி இல்லய்யா! பாடுனது யாரு, எழுதுனது யாருங்குறதெல்லாம் அச்சடிச்சே இருக்கு, அத அவரு கண்டுக்கவே இல்ல. அவரு எழுதுனது, ‘மேலத்தெரு பெரிய வீட்டுப் பொண்ணு அழைப்பு’, ‘இது போட்டா சம்மந்தி சண்ட’, ‘பெரியபட்டினம் கல்யாணம், மாப்ள மூணு தடவ கேட்டாரு’, ‘சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது’. ஒன்னுல ‘மழை’ன்னு மட்டும் போட்டு ரெண்டு கோடு. பெரியம்மாட்ட கேட்டா சிரிக்குறாக. வாலிநோக்கம் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பாட்டப் போட்டா மழை வருமாம், மூணு தடவ வந்துருச்சாம், உப்பளத்து ஆளுங்க பாத்தி பூரா கரைஞ்சு போச்சுன்னு பெரியப்பாவ மடக்கி, ‘அண்ணே ஒங்களக் கும்புடுறோம், அந்தப் பாட்ட மட்டும் போடாதீக’ன்னுருக்காக. இத்தனைக்கும் அது கோடையப் பத்துன பாட்டு! பேராசிரியர் அம்மா, வரிக்கு அர்த்தம் உண்டுன்னீங்களே, உப்பளத்துல அந்த வரிக்கு ஒரே அர்த்தம்தான், தார்ப்பாய எடு.

ஊருல மூணு சாமிக்கும் குழாய் கட்டுனவரு அவரு. இந்து வீடுன்னா மொதல்ல புள்ளையார் பாட்டு, மாதா கோயில்னா மாதா பாட்டு, பாய் வீட்டு நிக்காஹ்னா நாகூர் அனிபா. அவுகளுக்குப் பேருதான் நாகூரு, பொறந்தது நம்ம ராமநாதபுரம், அத யாரும் மறந்துறாதீங்க. அந்தக் குரல் பள்ளிவாசல் பக்கத்துலேர்ந்து கெளம்பி கடல் மேல போயித் திரும்பி வரும். எங்க வீட்டு ஆத்தா அதக் கேட்டாத்தான் வெள்ளிக்கெழமைன்னு கணக்கு வைக்கும். அந்தக் குரலோட அருமைய நான் கொறைக்கலங்க, ஆனா எங்காத்தாவுக்கு அது மீன் கொழம்பு இல்லாத நாளு, அம்புட்டுத்தான்.

இப்ப ஒரு குத்தத்த ஒத்துக்குறேன். எனக்கு ஏழு வயசு இருக்கும், கோயில் கொடை, பெரியப்பா சாமான வச்சிருந்த மேசைக்கு அடில நானும் எந் தம்பியும் ஒளிஞ்சு வெளையாடிக்கிட்டிருந்தோம். எந்திரிக்கிறப்ப தலை மேசைல இடிச்சு, முள்ளு தட்டு மேல குறுக்க ஒரு இழுப்பு. கர்ர்னு சத்தம் நாலு குழாய்லயும். அந்தத் தட்டுல ஒரு கீறல் விழுந்துருச்சு. நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துற தட்டு அது, முள்ளு அந்தக் கீறல்ல வந்தவுடனே மறுபடி பின்னாடிக் கோட்டுக்கே தாவிரும், ஒரு சுத்துன்னா ஒன்னே கால் செகண்டுக்குக் கொஞ்சம் கூட, சரியா ஒரே ஒரு வார்த்தை அதுல அடங்குது. ‘வருவேன்’. விட்டா விடிய விடிய ‘வருவேன் வருவேன்’னு அதையே சொல்லிக்கிட்டிருக்கும். பெரியப்பாவுக்குப் புதுத் தட்டு வாங்க மனசு வரல, ஊருக்கும் அந்தப் பாட்டு வேணும். அதுனால அந்த எடம் வர்றப்ப பீடிய எடக்கைக்கு மாத்திட்டு, ஒரு ‘வருவேன்’, ரெண்டு ‘வருவேன்’, மூணாவது ‘வருவேன்’ல ஆள்காட்டி வெரலால மெதுவா ஒரு தட்டு, முள்ளு தாண்டிப் போயிரும். அப்படியே பல வருஷம் ஓட்டிட்டாரு. எங்க தெருவுல இன்னைக்கிம் அந்தப் பாட்டப் பாடுற யாரா இருந்தாலும் மூணு தடவ ‘வருவேன்’ சொல்லாம அடுத்த வரிக்குப் போக மாட்டாக. கவிஞர் எழுதுனது ஒன்னு. மிச்ச ரெண்டு ‘வருவேன்’ நான் போட்டது!

சிரிங்க, சிரிங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தக் கீறல் பாட்டோட அருமையா, கேட்ட பொழுதா?

பேராசிரியர் அம்மா தமிழ் படிச்சவுக, அதுனால அவுக வீட்டுச் சாமானையே எடுத்து அவுககிட்டக் காட்டுறேன். தொல்காப்பியரு என்ன பண்ணாரு? முதற்பொருள்னு எத வச்சாரு, நிலத்தையும் பொழுதையும் ரெண்டையுந்தான் வச்சாரு. யாழ எங்க வச்சாரு? கருப்பொருள்ல, தெய்வம், உணவு, மரம், பறவை, பறை இதுகளோட வரிசைல ஒன்னா வச்சுட்டாரு. எந்த எடம், எந்த நேரம், அது மொதல்ல. பாட்டு பெறகு. நம்ம நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, பொழுது சாயுற நேரம், யாழ் விளரி யாழ்ம்பாக. பொழுது சாஞ்ச பெறகுதானய்யா விளரி வருது! இல்ல இல்ல உரிப்பொருள்தான் எல்லாத்தையும் விடப் பெருசுன்னு அம்மா அங்க முணுமுணுக்குறாக, கேக்குது. சரி பெருசு. நெய்தலுக்கு உரிப்பொருள் என்ன? இரங்கல். கடலுக்குப் போனவன் வரலையேன்னு நிக்கிறவ மனசு. அது மெட்டா? ஒங்களுக்குன்னு நெனச்சு எடுத்தீக, எங்களுக்குல்ல பேசுது.

அதே நெய்தல்லேர்ந்து இன்னொன்னு. அம்பா. எத்தன பேருக்குத் தெரியும் இங்க? கை தூக்குங்க. பெருசுக மட்டும் தூக்குறீக. கரைவலை இழுக்குறப்ப ஒருத்தர் எடுத்துக் குடுப்பாரு, ரெண்டு பக்கமும் கயித்துல நிக்கிறவுக ‘ஏலேலோ’ன்னு வாங்குவாக, ‘ஏ’ல மூச்சப் புடிச்சு ‘லோ’ல இழுப்பு. மெட்டு கொறஞ்சதா? தாளம் தப்புனதா? வரி மட்டமா? ஒன்னுங் கெடையாது, இன்னைக்கிக் கேட்டாலும் முடி நட்டுக்குது. அப்பறம் ஏன் எம் மகனுக்கு ஒரு வரி கூட வரல? இழுக்குற வேல போச்சு. இஞ்சினும் வின்ச்சும் வந்துருச்சு, தோளோட தோள் ஒரசி நின்ன பொழுது போச்சு, பாட்டும் கூடவே போயிருச்சு. அருமை நிறுத்தி வைக்கும்னா அம்பாவ நிறுத்தி வச்சிருக்கணுமே.

இப்ப சொல்லப்போறது கொஞ்சம் கஷ்டமானது. ஊரு பேரு சொல்லல, இந்தக் கரைல ஒரு ஊரு.

பெரியப்பா பெட்டில ஒரு தட்டு, உறைல பென்சில் எழுத்து அழுத்தி எழுதுனது, காகிதம் பின்பக்கம் வரைக்கும் மேடு தட்டியிருக்கு. ‘கடைசி வீட்டுக்குக் கேக்கக் கூடாது.’ கதை என்னன்னா, அந்தக் கடைசி வீட்டுப் பையன் கடலுக்குப் போன அன்னைக்கி ஊருல ஒரு காதுகுத்து, நம்ம பெரியப்பா செட்டு. வள்ளம் எறங்குறப்ப குழாய்ல ஓடிக்கிட்டிருந்தது ஒரு ஜோடிப் பாட்டு, லாலாலா லல்லல்லான்னு ஒன்னு. அந்தப் பையன் திரும்பல. அதுக்கப்பறம் பெரியப்பா அந்த ஊருக்கு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தத் தட்ட வெளிய எடுக்க மாட்டாரு. யாராச்சும் ரொம்பக் கேட்டு நச்சரிச்சா குழாய அந்த வீட்டுக்கு முதுகு காட்டித் திருப்பிக் கட்டிட்டுத்தான் போடுவாரு, அதுவும் காத்தப் பாத்துட்டு. வாடைக்காத்து நாள்ல போடவே மாட்டாரு, எங்கிட்டுத் திருப்புனாலும் அந்த வாசலுக்குக் கொண்டாந்து போட்டுரும்னுவாரு. இப்படி ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, அந்தப் பையனோட தங்கச்சி கல்யாணமாகி அந்தப் பொண்ணு புள்ளைக பள்ளிக்கூடம் போற வரைக்கும்.

ஒருநாள் அந்த ஆத்தாவே கேட்டுச்சு, ‘ஏய்யா, அந்தப் பாட்ட ஏன் போடுறதே இல்ல? நான் அதுக்குன்னேதான ஒவ்வொரு விசேஷத்துக்கும் வாசல்ல வந்து ஒக்காறேன்.’ பெரியப்பா ஆடிப் போயிட்டாரு. மறுநாள் குழாய் கிழாய் ஒன்னும் இல்லாம தட்டுப் பெட்டிய மட்டும் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு, சின்ன ஸ்பீக்கர் ஒன்னு, நானும் கூடப் போனேன், எனக்குப் பன்னெண்டு பதிமூணு வயசு. ஆத்தா திண்ணைல ஒக்காந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கிட்டிருந்துச்சு. பாட்டு ஓடுது. கிள்ளுறத நிறுத்தல. தலை ஒரு பக்கம், மீனு ஒரு பக்கம், அந்த வெரலு மட்டும் ஒரு மாதிரி மெதுவாப் போச்சு. பாட்டு முடிஞ்சு முள்ளு வெறுந் தட்டுல ‘டக்கு டக்கு’ன்னு சுத்துது. ஆத்தா நிமிந்து பெரியப்பாவப் பாத்துச்சு, ‘இந்தப் பாட்டாய்யா? ஒன்னும் நல்லாவே இல்லயே’ன்னுச்சு. கொஞ்ச நேரங் கழிச்சு, ‘சரி இன்னொரு வாட்டி போடு’ன்னுச்சு.

நடுவர் அய்யா, தீர்ப்ப நீங்க எழுதணும்னு இல்ல, அந்த ஆத்தா எழுதிருச்சு. பாட்டு நல்லா இல்ல, அது அவுக வாயாலயே வந்துச்சு. இன்னொரு வாட்டி போடு, அதுவும் அவுக வாயிதான்.

இது ஒன்னு மட்டும் இல்லங்க. தரம் தரம்னு பேசுறாகள்ல, எங்க கரைல நாங்க பாட்டுக் கேட்ட தரத்தச் சொல்லவா? இலங்கை வானொலி. தனுஷ்கோடிலேர்ந்து தலைமன்னாருக்கு நடுவுல சுமாரா 30 கிலோமீட்டர்தான் கடலு, அதுவும் உப்புத் தண்ணி மத்தியலை ரேடியோவுக்கு ராஜபாட்டை மாதிரி, தரைல போறதவிட அதுல சேதாரம் இல்லாமப் போகும். அதுனால அங்க பேசுனா இங்க அடுப்படில கேக்கும். அதுல அறிவிப்பாளரா இருந்த கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்களுக்கு ஒறவுக்காரங்க மாதிரி, ஊருக்கு வந்திருந்தா சோறு போட்டிருப்போம். ஆனா பொழுது அடைஞ்சா வேற வேற ஸ்டேஷன் ஏறி வரும், பாட்டு நடுவுல யாரோ என்னமோ பாஷைல செய்தி வாசிப்பான், அலை ஏறி எறங்குற மாதிரி சத்தம் பெருகி வடியும். நேயர்கள் கதை எழுதி அனுப்புவாக, அத வாசிச்சு நடுவுல நடுவுல பாட்டப் போடுவாக, ‘இசையும் கதையும்’னு. ஏன் வெறும் பாட்டப் போடல? பாட்டுக்கு ஒரு கதை இருந்தாத்தான் சனம் கேக்கும்னு அவுகளுக்கே தெரிஞ்சிருக்கு. எங்கக்கா ஒரு பாட்ட இப்ப போன்ல தெளிவாக் கேட்டுட்டு மூஞ்சியச் சுளிக்குது, ‘நடுவுல அந்த உய்ய்ங்குற சத்தம் எங்கடி போச்சு?’ங்குது. உய்ய்ங்குறது எந்த ராகத்துல வருதுன்னு பேராசிரியர் அம்மா சொல்லணும்.

கேசட்டு கதை ஒன்னு சொல்லிட்டு முடிச்சுர்றேன், மணியப் பாக்காதீங்க அய்யா.

இந்த ஊருல, கீழக்கரைல எல்லாம் வீட்டுக்கு ஒரு ஆளு அரபு நாட்டுல. கடுதாசி போடுவாக, அதோட கேசட்டும் போகும். பெரியப்பாகிட்ட லிஸ்டு குடுத்தா பதிஞ்சு குடுப்பாரு. அறுபது நிமிஷக் கேசட்டு, ஒரு பக்கம் 30 நிமிஷம், ஆறு பாட்டு புடிக்கும். ஒரு லாத்தா, கல்யாணம் ஆன நாலாவது மாசமே மாப்ள போயிட்டாரு, புள்ள பொறந்து ஒன்ற வயசு, வாப்பா இன்னும் மொகம் பாக்கல. அந்த லாத்தா ஆறு பாட்டு எழுதிக் குடுத்தாக. பேசச் சொன்னா வெக்கம், பேச மாட்டேன்னுட்டாக. ஆறு பாட்டும் பதிஞ்ச பெறகு டேப்பு ரெண்டு நிமிஷம் மிச்சம். பெரியப்பா ‘மிச்சத்துல என்னம்மா போட’ன்னு கேட்டுக்கிட்டே மைக்கு பட்டன அமுக்கிட்டாரு போல, அந்தப் புள்ள பக்கத்துல ஒக்காந்து முறுக்குக் கடிச்சுக்கிட்டிருந்துச்சு. கடக்கு. கடக்கு. நடுவுல ஒரு மூக்கு உறிஞ்சல். மறுபடி கடக்கு. ரெண்டு நிமிஷமும் முறுக்குதான்.

மூணு வருஷங் கழிச்சு மாப்ள வந்தாரு. மொத வேலையா அந்தக் கேசட்டத் தூக்கிக்கிட்டு பெரியப்பாகிட்ட வந்து, ‘காக்கா, இது இழுக்குது, சரி பண்ணிக் குடுங்க’ன்னாரு. பெரியப்பா பென்சில உள்ள விட்டுச் சுத்திச் சுத்தி வெளிய எடுத்துக் காட்டுனாரு, நான் பாத்தேன். ஆறு பாட்டுப் போன டேப்பு பூரா பளபளன்னு கடைல வாங்குன மாதிரி இருக்கு. கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் சுருங்கி, நெளிஞ்சு, மேலப் பூச்சு தேஞ்சு, பழைய ரிப்பன் மாதிரி கெடக்கு. மனுசன் அந்த எடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டியிருக்காரு. பாட்டெல்லாம் புதுசா இருக்கு, முறுக்கு தேஞ்சு போச்சு!

‘அது பாட்டு இல்லயே, முறுக்குத்தான, அப்ப ஒங்க கட்சிக்கு எப்படிச் சாட்சியாகும்’னு எதிரணித் தம்பி கேப்பாரு. கேக்கட்டும். அந்த மாப்ளைக்கு இப்ப வயசாயிருச்சு, ஏழாவது பேரப்புள்ள பொறந்திருக்கு, போன மாசம் என் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு. எதுத்த டீக்கடைல அந்த ஆறாவது பாட்டு ஓடுச்சு. பாட்டு முடிஞ்சது. மனுசன் காச நீட்டுனவரு அப்படியே நிக்கிறாரு, கை அந்தரத்துல. நானும் எதுத்தாப்புல நிக்கிறேன். டீக்கடைல அடுத்த பாட்டு வந்தோடனேதான் ரெண்டு பேருக்கும் மூச்சே வந்துச்சு. ரெண்டு பேரும் எதுக்குக் காத்திருந்தோம்னு ஒங்களுக்குச் சொல்லணுமா?

இப்ப போன்ல எல்லாம் இருக்குன்னு மூணாவதாப் பேசுன அண்ணன் சொன்னாரு. இருக்கு. ஸ்பாட்டிஃபைல 10 கோடிக்கு மேல பாட்டு இருக்குங்குறாக. ஒரு பாட்டு நாலு நிமிஷம்னு வச்சு கடைல கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், தூங்காம கொள்ளாம ஒரு தடவ கேட்டு முடிக்க 760 வருஷம் ஆகும். அம்புட்டுலயும் அருமையான பாட்டு லட்சக்கணக்குல இருக்கும், நான் மறுக்கல. ஆனா கார்ல ஏறி ஒக்காந்து இந்த அண்ணன் என்ன போடுறாரு? வரும்போது நானும் அவுக கார்லதான் வந்தேன், ராமநாதபுரத்துலேர்ந்து. பதினோரு பாட்டு. அதயே திருப்பித் திருப்பி. ஏழாவது பாட்டு வந்தப்ப சத்தத்தக் கொறச்சுட்டு ‘இது எங்க வீட்டுக்காரிய மொத மொத பாத்தப்ப’ன்னு ஆரம்பிச்சவரு தேவிபட்டினம் வந்துதான் நிறுத்துனாரு. மேடை ஏறுனோடனே கட்சி மாறிட்டாரு.

தம்பி கேள்வி. மறக்கல அய்யா. 1960கள்ல வந்த பாட்ட 20 வயசுப் பொண்ணு ஏன் பாடுது?

போன தை மாசம் மதுரைல, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு, ராத்திரி பத்து மணி இருக்கும், ராமநாதபுரம் பஸ்ஸுக்கு ஒக்காந்திருக்கேன். பக்கத்துல ஒரு பொண்ணு, இருபது இருபத்திரெண்டு வயசு, மடில கைப்புள்ள, தூங்க மாட்டேங்குது, இது தொடையத் தட்டித் தட்டிப் பாடுது. பழைய பாட்டு. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். அந்த எடம் வந்துச்சு.

‘வருவேன்… வருவேன்… வருவேன்…’

மூணு! எண்ணி மூணு. மூணாவதுல தொடைல வெரலால லேசா ஒரு தட்டு, அடுத்த வரி.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. ‘ஏம்மா, நீ தேவிபட்டினமா?’ன்னேன். இல்லக்கா, பரமக்குடிங்குது. எங்க ஊருப் பக்கமே வந்ததில்லையாம். ‘எங்கம்மாவுக்குத்தான்க்கா அந்த ஊரு, அவுக இப்படித்தான் பாடித் தூங்க வைப்பாக’ங்குது. அந்தப் பொண்ணு பொறக்குறதுக்கு முன்னாடியே பெரியப்பா செட்ட மூடிட்டாரு. அந்தத் தட்டு எம் பெட்டில கெடக்கு. மேசை, கொடை, பீடி, அந்த வெரலு, எதையும் அந்தப் பொண்ணு பாத்தது கெடையாது. ஆனா வெரல் தட்டு மட்டும் சரியா மூணாவதுல விழுகுது.

தம்பி, 20 வயசுப் பொண்ணுக்கு என்ன நெனப்புன்னு கேட்டீங்களே, அவுக அம்மாவோட நெனப்புய்யா!

‘போன்ல ஒரு தடவ போட்டுப் பாத்தேங்க்கா’ன்னு அதே சொல்லுது, ‘யாரோ தப்பா ஏத்தி வச்சிருக்காங்க, ரெண்டு வருவேன் கொறையுது.’

பஸ்ஸு வந்துருச்சு, அது பரமக்குடி நிக்கிற பஸ்ஸு, ஏறிப் போயிருச்சு. மேசைல தலைய இடிச்சது நான்தான்னு சொல்ல வாய் வரல. வணக்கம்.